எனக்குக் கோட்டை, அத்தைக்கு வண்டி

என் மாமியாருக்கு ரயில் என்றால் அழுக்குச் சட்டை, அவ்வளவுதான். என் கணவர் அப்போது சிதம்பரத்திலிருந்து கடலூருக்குத் தினமும் பாசஞ்சர் வண்டியில் போய்வந்துகொண்டிருந்தார். அங்கே மஞ்சக்குப்பத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை. காலையில் வெள்ளையாகப் போகும் சட்டை சாயந்தரம் காலர் முழுக்கக் கரியோடு திரும்பும். அதைக் கல்லில் அடித்துத் துவைப்பது அத்தையின் வேலை. என்னைத் தொடவிடமாட்டார்.

"நீ தொவைச்சா கரி போவாது, துணிதான் போவும்" என்பார்.

ஒருநாள் சாப்பிடும்போது என் கணவர் பேச்சுவாக்கில், சென்னைப் பட்டணத்தில் புகையே விடாத ரயில் ஓடுகிறது என்று சொன்னார். அத்தை கையில் ரசக் கரண்டியோடு நின்றுவிட்டார்.

"பொகை இல்லாம எப்பிடிடா ஓடும்?"

"கரண்டுல ஓடுதும்மா."

"அப்ப அதுல போறவங்க சட்டை?"

"போட்டது போட்டபடி இருக்கும்."

அத்தை ரசத்தை ஊற்றினார். பிறகு யாரிடம் என்றில்லாமல், "அந்த வண்டிய நான் பாக்கணும்" என்றார்.

எனக்கு அப்போது இருபது வயது, கல்யாணமாகி இரண்டு வருஷம். மாமனார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். சிதம்பரம் கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அத்தை கண்டிப்பானவர். அவர் உட்கார்ந்து சிரித்து நான் பார்த்ததில்லை. உப்பு ஒரு கல் கூடினால் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என் முகத்தையே பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து முதல் வருஷம் முழுக்க நான் உப்பில்லாமல் சமைத்தேன், அதற்கும் அதே பார்வை.

சுதந்திரம் வந்த மறுவருஷம் என் கணவர் இலாகாப் பரீட்சை எழுதப் பட்டணம் போக வேண்டியிருந்தது. மூன்று நாள் பரீட்சை. சைதாப்பேட்டையில் அத்தையின் தம்பி இருந்தார். ஒரு அச்சாபீசில் எழுத்துக் கோக்கிற வேலை. அவர் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். "ஆம்பளைங்க ரெண்டு பேரு, நாலு நாளு எதைத் தின்னுவாங்க? சமைக்க ஆளு வேணும்ல?" என்று அத்தை ஆரம்பித்தார்.

"நீங்க மட்டும் வந்தாப் போதும்மா" என்றார் என் கணவர்.

"நான் சமைச்சா, யார்ரா நறுக்குறது? அவளும் வரட்டும்."

நறுக்குகிறவளாக நானும் கிளம்பினேன். எனக்கு உள்ளுக்குள் வேறு ஒரு ஆசை இருந்தது. நான் கடலூர் முதுநகரில் பிறந்தவள். எட்டாவது வரைக்கும் படித்தேன். சரித்திரப் பாடம் என்றால் எனக்குச் சாப்பாடு வேண்டாம். பாடப்புத்தகத்தில் சென்னைக் கோட்டையின் படம் ஒன்று நட்சத்திரம் மாதிரி மூலை மூலையாக இருக்கும். பென்சிலால் அதன் மேலேயே வரைந்து வரைந்து தாளில் ஓட்டை விழுந்துவிட்டது. அந்தக் கோட்டையை நேரில் பார்க்க வேண்டும் என்று யாரிடமும் சொன்னதில்லை. எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது?

சிதம்பரத்தில் காலையில் ஏறி, பரங்கிப்பேட்டை, கடலூர், விழுப்புரம் என்று நின்று நின்று, எழும்பூர் போய்ச் சேர்ந்தபோது சாயந்தரம். அங்கேயே பக்கத்து பிளாட்பாரத்தில் மின்சார வண்டி வந்தது. எஞ்சினும் இல்லை, புகையும் இல்லை. ஏதோ ஒரு வீடு தானாக நகர்ந்து வந்து நின்றதுபோல இருந்தது. ஆனால் ஆபீஸ் விடுகிற நேரம். டிரங்குப் பெட்டி, ஜமக்காளச் சுருட்டு, அரிசி மூட்டை எல்லாவற்றோடும் எங்களைக் கூட்டமே தூக்கி உள்ளே போட்டது. அத்தைக்கு யாரோ ஒருவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. சைதாப்பேட்டையில் இறக்கிவிட்டபோது, "இதுக்குள்ளயா?" என்றார். அப்படி ஒரு ஏமாற்றத்தை அவர் குரலில் நான் கேட்டதே இல்லை.

மறுநாள் காலையில் ஆண்கள் இருவரும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். பாத்திரம் துலக்கியாயிற்று. அத்தை வாசலில் நின்று, ஸ்டேஷன் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ பொண்ணு, அந்த வண்டியில இன்னொரு தரம் போனா என்னா?"

"எங்க போறது அத்தே?"

"எங்கியோ. ஏறணும், ஒக்காரணும், எறங்கணும்."

"அப்ப கோட்டைக்குப் போவலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

"கோட்டையில என்னா இருக்குது?"

"சரித்திரம்."

"அது கெடக்கட்டும். எத்தினி ஸ்டேஷன் தள்ளி இருக்குது, அதைச் சொல்லு."

நேற்று வண்டியில் மாட்டியிருந்த பலகையை நான் படித்து வைத்திருந்தேன். மாம்பலம், கோடம்பாக்கம் என்று விரல் மடக்கி எண்ணி, "ஏழு" என்றேன்.

"ஏழா!" அத்தையின் முகம் மலர்ந்தது. "அப்ப கோட்டைக்கே போவோம்."

பெண்கள் பெட்டியில் ஏறினோம். காலை நெரிசல் அடங்கிப் பாதிப் பெட்டி காலியாக இருந்தது. அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஊதல் ஊதியது. அவ்வளவுதான், குலுக்கல் இல்லை, இருமல் இல்லை, வழுக்கிக்கொண்டு கிளம்பியது. எங்கள் ஊர் பாசஞ்சர் மூச்சு வாங்கி மனசு தேறிக் கிளம்புவதற்குள் இது மாம்பலத்துக்கே போய்விட்டது. அத்தை ஒரு விரலை ஜன்னல் கட்டையில் தேய்த்துப் பார்த்தார். பிறகு அந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாரு! கரியே இல்ல!"

தலைக்கு மேல் ஓடும் கம்பியை எட்டிப் பார்த்தார். "அதைப் புடிச்சிக்கிட்டுத்தான் போவுதா?"

"ஆமாம் அத்தே."

"வுட்டுட்டா?"

"நின்னுடும்."

"வுடக் கூடாது, வுடக் கூடாது" என்று அந்தக் கம்பிக்கே சொல்வதுபோலச் சொன்னார். காற்றில் முந்தானை பறந்து எதிர்சீட்டுப் பெண்மணியின் மடியில் விழுந்தது. அந்த அம்மாள் சிரித்தாள். அத்தையும் சிரித்தார். அதுவும் எப்படி, பல் தெரிகிற சிரிப்பு. எனக்கு யாரோ கக்கத்தில் விரல் வைத்ததுபோல இருந்தது. நானும் சிரிக்க ஆரம்பித்தேன். என்னத்துக்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சேத்துப்பட்டு வரைக்கும் சிரித்துக்கொண்டு போனோம்.

கோட்டை ஸ்டேஷனில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் அகழி. அதன்மேல் பாலம். பிறகு ஆனை புகுகிற மாதிரி ஒரு வாசல். சுவரின் கனத்தைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். என் பாடப்புத்தகத்தில் அது ஒரு பென்சில் கோடு. இங்கே அந்தக் கோட்டுக்குள் ஒரு மாட்டுவண்டியைக் குறுக்கே நிறுத்தலாம்! உள்ளே எங்கு பார்த்தாலும் ஆபீஸ், கட்டுக் காகிதங்களோடு ஓடும் சேவகர்கள். நடுவில் வானம் முட்ட ஒரு கொடிமரம், அதில் நம் கொடி. அண்ணாந்து பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது. அந்தக் கொடி அங்கே ஏறி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

வெள்ளைக்காரர்களின் பழைய மாதாகோயில் ஒன்று உள்ளே இருந்தது. அதைச் சுற்றித் தரையில் பெரிய பெரிய கல்லாகப் பதித்து, எல்லாவற்றிலும் எழுத்து வெட்டியிருந்தார்கள்.

"என்னா எழுதியிருக்குது?"

"செத்துப்போன தொரைங்க பேரு அத்தே. சமாதிக் கல்லு."

அத்தை பதறிக் காலைத் தூக்கினார். எழுத்தை மிதிக்கக் கூடாது, அதுவும் செத்தவர்கள் எழுத்து. ஆனால் அதற்குள் நடுவில் வந்துவிட்டோம். சுற்றிலும் துரைகள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் இருந்த சந்தில் கால்விரல் நுனியை ஊன்றி, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த ஐம்பது வயது அம்மாள் பாண்டி ஆடுகிற பெண்போலத் தத்தித் தத்திப் போனார். நான் பின்னாலேயே தத்தினேன். ஒரு கல்லில் கால் இடறி வைத்தபோது, "மன்னிச்சிக்கோ சாமி" என்று அந்தத் துரையிடமே கேட்டுக்கொண்டார்.

மாதாகோயில் வாசலில் நின்ற போலீஸ்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "எந்த ஊரும்மா?" என்றார்.

"கடலூருப் பக்கம்" என்றேன் நான். அப்போது எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தத் தைரியம். அத்தையிடம், போலீஸ்காரருக்கும் கேட்கிற மாதிரி, பாடம் ஒப்பிக்கத் தொடங்கினேன். இந்தக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரன் பிடித்துக்கொண்டபோது இங்கிலீஷ்காரர்கள் கடலூருக்குத்தான் ஓடிவந்தார்கள், தேவனாம்பட்டினத்தில் அவர்களுக்கு இன்னொரு கோட்டை இருந்தது, அங்கே உட்கார்ந்துதான் சில வருஷம் ராஜ்யம் நடத்தினார்கள்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெசமாவா?"

"புஸ்தகத்துல இருக்குது அத்தே."

அவர் போலீஸ்காரர் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டியாப்பா? இதையே எங்க ஊர்லேர்ந்துதான் ஆண்டிருக்காங்க."

போலீஸ்காரர் சட்டென்று விறைப்பாக நின்று எங்கள் இருவருக்கும் ஒரு சலாம் வைத்தார். கேலிதான். ஆனால் அத்தை அதை மரியாதையாகவே வாங்கிக்கொண்டு தலையசைத்தார். பாலத்தைத் தாண்டுகிற வரை நடையே மாறிப்போயிருந்தது.

"ஏண்டி, அந்தக் கோட்டைய நீ பாத்திருக்கியா?"

"இல்ல அத்தே."

"அங்கியே பொறந்துட்டுப் பாக்கலியா?"

"யாரு கூட்டிக்கிட்டுப் போறாங்க?"

அத்தை திரும்பிக் கோட்டையை ஒரு தரம் பார்த்துவிட்டு நடந்தார்.

அங்கிருந்து ஹைகோர்ட்டை வெளியிலிருந்தே சுற்றிப் பார்த்தோம். சிவப்புக் கோபுரங்களின் உச்சியில் கலங்கரை விளக்கம் இருந்தது. ஒரே கட்டடம் கப்பலுக்கும் வழி காட்டுகிறது, திருடனுக்கும் வழி காட்டுகிறது என்று நான் சொல்ல, அத்தை மறுபடி சிரித்தார். நான் சொல்லி அவர் சிரித்த முதல் வார்த்தை அது. பீச் ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பும் வண்டியில் ஏறினோம். பார்க் ஸ்டேஷனில் இறங்கி மிருகக்காட்சிச் சாலையைப் பார்ப்பது என்று முடிவு. பட்டணத்தில் அதற்கு உயிர் காலேஜ் என்று பெயர். எழும்பூர் மியூசியத்துக்குச் செத்த காலேஜ். நான் இதைச் சொன்னதும் அத்தைக்குத் தாங்கவில்லை. யுனிவர்சிட்டி இருக்கிற அண்ணாமலை நகருக்குப் பக்கத்து ஊர்க்காரர் அல்லவா. "நம்ம ஊரு காலேஜுல பையனுவோ பரீட்சைக்கு முன்னாடி உயிர் காலேஜு, பின்னாடி செத்த காலேஜு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பார்க் வந்தது. நான் இறங்கினேன். திரும்பிக் கையை நீட்டினேன். கையில் காற்றுதான் இருந்தது. அத்தை இன்னும் ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்திருந்தார். "அத்தே! எறங்குங்க!" என்று கத்துவதற்குள் ஊதல். வண்டி நழுவியது. ஜன்னலில் அத்தையின் முகம் என்னைக் கடந்து போனது. அந்த முகத்தில் பயம் என்று ஒரு துளி இல்லை.

அவருக்குப் படிக்கத் தெரியாது. டிக்கெட் இரண்டும் என் முந்தானை முடிச்சில். வீட்டில் என்ன சொல்வேன்? அழுகை முட்டிக்கொண்டு வர, அடுத்த வண்டிக்குள் பாய்ந்து ஏறினேன். எழும்பூர் நெருங்கும்போது எதிர்த் தண்டவாளத்தில் ஒரு வண்டி கிளம்பி வந்தது. அதன் ஜன்னலில் பாதி உடம்பு வெளியே தெரிய, கையை ஆட்டிக்கொண்டு...

"இங்க இருக்கேன்டீ!"

"அத்தே!"

என்னைத் தேடி அவர் பார்க்குக்குத் திரும்பிப் போகிறார், அவரைத் தேடி நான் எழும்பூருக்கு வந்துகொண்டிருக்கிறேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தாண்டிப் போய்விட்டோம். எழும்பூரில் இறங்கிய நான் இனி அசைவதில்லை என்று ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். அவரும் அங்கே அசையாமல் உட்கார்ந்துவிட்டால் என்ன ஆவது என்ற யோசனை அப்புறம்தான் வந்தது. வந்ததும் எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். இப்படி நாலைந்து தடவை எழுந்து உட்கார்ந்திருப்பேன். ஒரு வண்டி வந்தது, அவர் இல்லை. அடுத்தது வந்தது. பெண்கள் பெட்டியிலிருந்து, கல்யாண வீட்டுக்கு வருகிறவர்போல நிதானமாக இறங்கினார் என் மாமியார்.

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதேனா, சிரித்தேனா, தெரியாது.

"என்னாத்துக்கு அழுவுற? போர்ட்டர்கிட்ட கேட்டேன், ஏத்திவுட்டான். மூணு தரம் போயிட்டேன்டி!"

"ஏன் அத்தே எறங்கல?"

அத்தை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார். "எறங்க மனசு வரலடி."

நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். டிக்கெட் பரிசோதகர்கூட எங்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டார்.

"உயிர் காலேஜு போனாப் போவுது. செத்த காலேஜையாவது பாப்போம், வா" என்றார் அத்தை.

வெயிலில் நடந்து மியூசியத்துக்குப் போனோம். திமிங்கல எலும்பு, பஞ்சடைத்த புலி, கத்தி, துப்பாக்கி எல்லாவற்றையும் ஓட்டமாகப் பார்த்துக்கொண்டே வெண்கலச் சிலைகள் இருந்த கூடத்துக்குள் நுழைந்தோம். அங்கே நடராஜர் நின்றிருந்தார்.

அத்தை சட்டென்று நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கைகள் மெல்லக் கீழே இறங்கின. நாங்கள் கோயிலைச் சுற்றி வாழ்கிறவர்கள், நடராஜரைப் பார்க்காத நாளில்லை. ஆனால் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, தீபம் காட்டுகிற நேரத்தில் பார்ப்பதுதான். பட்டும் மாலையும் போக முகமும் தூக்கிய பாதமும்தான் நமக்குக் கிடைக்கும். இங்கே கைக்கெட்டும் தூரத்தில், பூவில்லாமல், துணியில்லாமல் அவர் மட்டும். விரல்கள், இடுப்பின் வளைவு, பறக்கும் சடை எல்லாம் தெரிந்தன. அத்தை ஒரு பக்கமாக நகர்ந்தார். இன்னும் நகர்ந்தார். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"முதுகு! முதுகைப் பாருடி!"

பார்த்தேன். ஆடுகிறவனுடைய முதுகு, தண்டுவடம் ஒரு கோடாக இறங்கியது. சிதம்பரத்தில் பிறந்து வளர்ந்த அத்தைக்கே அது முதல் தடவை. மூன்று முறை சுற்றி வந்தார். மூன்றாவது சுற்றில், என் தலையிலிருந்து ஒரு முழம் மல்லிகையை உருவிப் பீடத்தில் வைத்துவிட்டார்.

காவல்காரர் ஓடி வந்தார். "இங்கெல்லாம் பூ வெக்கக் கூடாதும்மா!"

"ஏம்பா, இவருக்குப் பூசையே கெடையாதா?"

"கெடையாதும்மா."

"நைவேத்தியம்?"

"இல்லம்மா. தெனம் தூசி தட்டுறேன், அவ்ளோதான்."

"அப்ப நீதான் இவருக்கு அர்ச்சகர். நல்லா தட்டு" என்றார் அத்தை.

அந்த மனிதர் தலையைச் சொறிந்தார். நாங்கள் கூடத்தை விட்டு வெளியே வரும்போது திரும்பிப் பார்த்தேன். பூவை அவர் எடுக்கவில்லை.

வீடு திரும்பியபோது ஆண்கள் இருவரும் பூட்டிய கதவுக்கு முன்னால் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். சாவி எங்களிடம். "எங்கம்மா போனீங்க?" என்று என் கணவர் குரலை உயர்த்தினார். அத்தை சாவியைத் திருகிக்கொண்டே, "கோட்டைக்குடா. போலீஸ்காரரு சலாம் வெச்சாரு" என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பங்கரைக்குள் ஓடிவிட்டேன். அன்றைக்கு உப்புமாவில் உப்புப் போட மறந்துபோனேன். அத்தை ஒரு வாய் போட்டுவிட்டு, எந்தப் பார்வையும் பார்க்காமல், ஊறுகாய் ஜாடியை எல்லோருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தார்.

ஊர் திரும்பும் வழியில் வண்டி கடலூரின் முதல் ஸ்டேஷனை நெருங்கியபோது, "திருப்பாப்புலியூர்ல எறங்குறோம்" என்றார் அத்தை. என் கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அவ பொறந்த ஊரு கோட்டைய அவ பாக்கலியாம். உன் கல்யாணத்தன்னிக்கி இதை யாராவது எனக்குச் சொன்னாங்களா?" என்றார். மூட்டை முடிச்சோடு ஒரு குதிரை ஜட்கா பிடித்துத் தேவனாம்பட்டினம் போனோம். கெடிலம் ஆறு கடலில் கலக்கிற இடத்துக்கு அருகில் கள்ளியும் முள்ளும் மூடிய மண்மேடு, அங்கங்கே இடிந்த சுவர். பிரெஞ்சுக்காரன் இடித்துத் தள்ளிய பிறகு மிச்சம் இருந்தது அவ்வளவுதான். ஒரு வெள்ளாடு அதன்மேல் நின்று எங்களைப் பார்த்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. போலீஸ்காரரிடம் எவ்வளவு பேசினேன்!

அத்தை ஒரு துண்டுச் சுவரின்மேல் உட்கார்ந்து, கடல் காற்றில் கண்ணை மூடிக்கொண்டார்.

"இங்க ஒக்காந்தா பட்டணத்தை ஆண்டாங்க?"

"ஆமாம் அத்தே."

"நல்ல காத்து. ஆண்டிருப்பாங்க" என்றார்.

அந்தப் பரீட்சையில் என் கணவர் ஒரு தாளில் தேறவில்லை. வீடு இரண்டு நாள் இழவு வீடு மாதிரி இருந்தது. அத்தைதான் மூன்றாம் நாள், "போனா போவுது, இன்னொரு தரம் எழுதினா ஆச்சு. நாங்களும் வர்றோம்ல" என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை என் கணவர் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் கவனித்தேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி போனோம். இந்தத் தடவை அத்தைக்கு ஸ்டேஷன்கள் எல்லாம் வரிசையாக மனப்பாடம். பலகை கண்ணில் படுவதற்கு முன்னாலேயே பெயரைச் சொல்லிவிடுவார். மின்சார வண்டியில் எங்கள் எதிரே ஒரு புதுப்பெண், தாலிக் கயிற்றில் மஞ்சள் மாறாதவள், மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தாள். கோட்டை ஸ்டேஷன் எப்போது வரும் என்று கேட்டாள். அத்தை அவளுக்கு ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சொல்லி, எந்தப் பக்கம் இறங்க வேண்டும், பாலத்தைத் தாண்டி எப்படிப் போக வேண்டும், தரையில் எதையெல்லாம் மிதிக்கக் கூடாது என்பது வரைக்கும் சொல்லிக்கொடுத்தார்.

அந்தப் பெண்ணுக்கு மூச்சு வந்தது. "நீங்க பட்டணமாம்மா?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

"ஆமாம்மா, இங்கதான்" என்றார் அத்தை, ஒரு கணமும் யோசிக்காமல்.

நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.